எங்க வீட்டுல தமிழ்தான்

என்னைப் பார்த்து ஒருத்தி பயந்தாள் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவள் நான். என் வகுப்புப் பிள்ளைகளே ஒண்ணுக்குப் போகிறேன் என்று விரலைக் காட்டிவிட்டு ஐஸ்காரனிடம் போய் அரைமணி நேரம் நிற்கும். அப்படிப்பட்ட என்னைக் கண்டுதான் அந்த அம்மா பயந்தாள். சும்மா பயம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டில் நான் இந்தப் பக்கமாக வருவது தெரிந்தால், தராசில் ஏறின கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பக்கமாகப் போய்விடுவாள். காய்க்காரர் என்னைத்தான் முறைப்பார்.

அவள் பேரைச் சொல்ல மாட்டேன். பேரைச் சொன்னால் எந்தத் தெரு, வீட்டில் என்ன பாஷை என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பாவம், அதற்குத்தானே அவள் அம்புட்டுப் பயந்தாள்.

ஒல்லியான உடம்பு, நெட்டை. ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து அவள் புருஷன் மூட்டையாகக் கொண்டுவரும் துணியை வீட்டில் உட்கார்ந்து சுருட்டிக் கொடுப்பாள். அதனால் தலைமுடியிலும் புருவத்திலும் எப்போதும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த பிறகு அவள் வாயிலிருந்து அடிக்கடி வந்த வாசகம் ஒன்றுதான். "எங்க வீட்டுல தமிழ்தான்." யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பால்காரர் "நாளைக்குக் கால் லிட்டர் கூடவா?" என்பார். "கூட வேணாம்ணே. எங்க வீட்டுல தமிழ்தான்" என்பாளாம். ரேஷன் கார்டு எழுத வந்தவர் பேரைக் கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லியிருக்கிறாள். தெருவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் ஒருநாள் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் தெலுங்கு வகுப்பு டீச்சர். ராஜபாளையத்தில் பிறந்து, வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வளர்ந்தவள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, எங்கள் தெரு நாய்க்கே இரண்டு பாஷையும் தெரியும். அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் வகுப்புகளுக்குப் பக்கத்திலேயே தெலுங்கு வகுப்பும் நடந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் எல்லாப் பாடமும் தெலுங்கில். சிறுபான்மை மொழிக்காரப் பிள்ளைகள் போதுமான அளவு சேர்ந்தால், அவர்கள் மொழியிலேயே சொல்லிக்கொடுக்க வாத்தியார் வைக்க வேண்டும் என்று சட்டம். நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன், அதில்தான் நான் சோறு தின்றேன். ஆனால் ஆகஸ்டு மாதம் வந்து தலை எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தாலும் டீச்சர் உபரி. உபரி என்றால் தெலுங்கு வகுப்பு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே தூக்கிப் போடுவார்கள், ஓசூர்ப் பக்கமோ திருத்தணிப் பக்கமோ. எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஜூன் பிறந்தாலே விரல்விட்டுத் தலை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

அதனால் மே மாத வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படிப் போய்ப் பிடித்த பிள்ளைதான் அந்த அம்மாவின் மூத்த மகன். அப்போதெல்லாம் அவள் பயந்தவளே இல்லை. வாய் ஓயாது. துணியைச் சுருட்டிக்கொண்டே தெலுங்கில் என்னை வம்புக்கு இழுப்பாள். "பிள்ள பிடிக்கிறவ மாதிரி வாறீகளே டீச்சரம்மா, சாக்கு எங்க?" என்று கேட்டாள். மோர் கொடுத்தாள். நம்ம பாஷையில் படித்தால் பிள்ளைக்குச் சுலபமாக ஏறும் என்று நான் சொன்னதை அப்படியே நம்பினாள். நானும் நம்பித்தான் சொன்னேன். அந்தப் பையனுக்கு ஏறவும் செய்தது. ஐந்து வருஷமும் என் வகுப்பில் அவன்தான் முதல்.

ஆறாம் வகுப்புக்குத் தெலுங்கு கிடையாது. எங்கள் ஊரில் என்ன, பக்கத்தில் எங்கேயும் கிடையாது. தமிழ் வழி உயர்நிலைப் பள்ளிதான். எங்கள் பள்ளியில் தமிழையும் ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுத்தோம், இல்லையென்று சொல்ல மாட்டேன். எழுத்துக்கூட்டி வாசிப்பான். ஆனால் விஞ்ஞானமும் கணக்கும் அவன் தலைக்குள் தெலுங்கில் அல்லவா உட்கார்ந்திருந்தன.

அரைப் பரீட்சை முடிந்து ஒரு மத்தியானம் அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். கையில் மகனுடைய விஞ்ஞானப் பரீட்சைத் தாள். அதன் தலையில் சிவப்பு மையில் பெரிய முட்டை.

"டீச்சரம்மா, இதைச் செத்த பாருங்க. இவன் எழுதினது சரியா தப்பா?"

வாங்கிப் பார்த்தேன். பயல் எல்லாக் கேள்விக்கும் தெலுங்கில் பதில் எழுதியிருந்தான். நான் சொல்லிக்கொடுத்த குண்டு குண்டான கையெழுத்து. இலை எப்படி உணவு தயாரிக்கிறது, தண்ணீர் எப்படி ஆவியாகிறது, எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. கேள்வித்தாளை எப்படியோ வாசித்துப் புரிந்துகொண்டு, தெரிந்த பாஷையில் எழுதிவிட்டு வந்திருக்கிறான். திருத்தின வாத்தியாருக்கு அது எழுத்தாகவே தெரிந்திருக்காது, ஜிலேபி சுற்றின மாதிரி இருந்திருக்கும்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றேன்.

"பொறவு ஏன் முட்டை?"

போகப் போகச் சரியாகிவிடும் என்று எதையோ சொன்னேன். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "ஒங்க பிள்ளைக ரெண்டும் எந்த வகுப்புல படிக்கி டீச்சரம்மா? தெலுங்கா, தமிழா?"

என் பிள்ளைகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ் வழியில் படித்தார்கள். நான் சொல்லவில்லை, மணி அடிக்கப் போகிறது என்று எழுந்துவிட்டேன். ஆனால் என் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டது தப்போ என்று அவளே மிரண்டுபோய், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் என்னிடம் தெலுங்கில் பேசியது அன்றோடு சரி. அந்தப் பையன் முழுப் பரீட்சைக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில் மில்லுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அவளுக்கு ஒரு பெண் பிள்ளையும் இருந்தது. மூத்தவனுக்குப் பத்து வயது இளையவள். அந்தப் பெண்ணைத் தமிழ் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் வீட்டைக் காலிசெய்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார்கள். ராஜபாளையத்தில் அண்ணன் பேர் தெலுங்கு ரிஜிஸ்தரில் இருக்கிறது, தங்கச்சியை மட்டும் எப்படித் தமிழ் என்று எழுதுவது என்று யாராவது கேட்டுவிடுவார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் யாருக்குத் தெரியப் போகிறது? புருஷனும் மகனும் டவுன் பஸ்ஸில் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்கு, எதிர்த்த வீட்டுக்கு, எல்லோருக்கும் அவர்கள் தமிழ்க்காரர்கள்.

அதே வருஷம், முந்தின ஆகஸ்டில் எண்ணின கணக்கில் ராஜபாளையத்தில் ஒரு தலை குறைந்ததால் நான் உபரியானேன். யார் செய்த புண்ணியமோ, ஓசூருக்குப் போடாமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தெலுங்கு வகுப்பு இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். வீட்டுக்கு நடந்து போகிற தூரம். ஆண்டாளுக்கு மாலை சாத்திவிட்டு, பால்கோவா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன்.

அந்தப் பள்ளியின் வாசலில், அட்மிஷன் நாளன்று அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். நான் தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டமே ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி அவளைத் துரத்திக்கொண்டு வந்துவிட்டதாக நினைத்திருப்பாள்.

அந்தத் தலைமையாசிரியரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மனுஷன் தமிழ்க்காரர். தெலுங்கில் அவருக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை, 'நீ பேரேமி', உன் பேர் என்ன. அட்மிஷன் வரிசைக்குப் பின்னால் மெதுவாக நடந்துபோய், பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் குனிந்து, "நீ பேரேமி?" என்பார். தலை திரும்பினால் போதும். "டீச்சர், ஒங்களுக்கு ஒண்ணு மாட்டிச்சு!" என்று கைதட்டுவார். பெற்றவள் தமிழ் வகுப்புதான் வேண்டும் என்று அழுதால், "சட்டம்மா. தாய்மொழி எதுவோ அதுலதான் போடணும். கவர்மெண்டு ஆர்டர்" என்பார். அப்படி ஒரு ஆர்டர் இல்லவே இல்லை. எந்த வகுப்பில் சேர்ப்பது என்பது பெற்றவர்கள் விருப்பம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எண்ணிக்கை குறைந்தால் அவருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு போஸ்ட் போகும். நான் சாக்பீஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு அந்தப் பிள்ளையின் பின்னாலும் போய்க் குனிந்தார். "நீ பேரேமி?" பிள்ளை அசையவில்லை. இரண்டாம் தரம் கொஞ்சிக் கேட்டார். அது நேராக முன்னால் நின்ற பிள்ளையின் சடையையே பார்த்துக்கொண்டு நின்றது. "எங்க வீட்டுல தமிழ்தான் சார்" என்றாள் அந்த அம்மா. அவர் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். நான் காட்டிக்கொடுக்கவில்லை. அதையே பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகுதான் மார்க்கெட்டில் கத்தரிக்காயை விட்டுவிட்டு ஓடுவது, என் தெரு வழியாக வராமல் ஊரைச் சுற்றிப் போவது எல்லாம். பிள்ளையைக் கூப்பிட வரும்போதுகூட வாசலுக்கு வர மாட்டாள். வாசலில் நான் இருப்பேனாம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பருத்தி மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் சுவரை ஒட்டி நிற்பாள். பிள்ளைதான் தனியாக ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும்.

ஒருநாள் டவுன் பஸ்ஸில் அவள் மகனைப் பார்த்தேன். மீசை அரும்பியிருந்தது. எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். நல்ல பிள்ளை, எப்போதும் நல்ல பிள்ளை. நான் தெலுங்கில் கேட்டேன், அவன் தமிழில் பதில் சொன்னான்.

"அம்மா கிறுக்குப் பிடிச்ச மாதிரி பண்ணுது டீச்சர். பாப்பாவச் சுவரப் பாக்க நிக்க வச்சிட்டு, பின்னால இருந்து தெலுங்குல கூப்பிடுது. திரும்புனா தொடையில கிள்ளுது. மொதல்ல எல்லாம் அவ அழுவா. இப்பம் திரும்புறதே இல்ல. 'தோச வேணுமா'ன்னு தெலுங்குல கேட்டாலும் செவிடு மாதிரி நிக்கா."

"இன்னும் எதுக்குடா? அதான் தமிழ் வகுப்புல சேத்தாச்சே."

அவன் வெளியே பார்த்தான். "நீங்க அங்க இருக்கீகள்ல டீச்சர். நீங்க என்னைக்கு வேணும்னாலும் சோதிப்பீகளாம். 'அவிய கூப்பிட்டா மட்டும் திரும்பிராதே'ன்னு தெனமும் சொல்லித்தான் அனுப்புது. எங்ககிட்டயும் பேச்சுக் கொறைஞ்சு போச்சு. தெலுங்கு வாயில வந்துருமோன்னு பயம். சும்மா கையக் கையக் காட்டுது."

அன்றைக்கே இறங்கி நேராக அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். 'யாரும் உங்கள் பிள்ளையை எடுத்துக்கொள்ள முடியாது' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால் அது அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து என் வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் போகும். பாதி வகுப்பு காலியாகும். ஓசூர் கண்முன்னால் வந்தது. நான் போகவில்லை.

இதற்கு மேல் இழுக்க விரும்பவில்லை, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆகஸ்டில் அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். நான் தேடிப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பட்டப்பகலில் மாட்டு வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு போனதாக வீட்டை வாடகைக்கு விட்டவர் சொன்னார். எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை. டி.சி.கூட வாங்கவில்லை. டி.சி. இல்லாத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், சேர்த்தார்களா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வன்னியம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்து, தலைக்கணக்கு சரியாகி, தொண்ணூறுகள் முழுக்க அதே பள்ளியில் நிம்மதியாக வேலை பார்த்தேன். நிம்மதி என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

அவர்கள் போவதற்கு நாலு நாள் முன்னால் நடந்ததுதான் சொல்ல வேண்டியது.

மத்தியானம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், ஒண்ணு கொறையுதே. அடுத்த வாரம் எண்ண வாராக. ஒங்க ஆளுக யாரும் தமிழ் செக்சன்ல ஒளிஞ்சிருக்காகளான்னு பாருங்க. இல்லைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"பாக்கேன் சார்" என்றேன்.

சாயங்காலம் மணி அடித்ததும் வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கினேன். எதிர்ப்பக்கம் அவள் வழக்கம்போலச் சுவரோடு நின்றாள். நான் போனது அந்தப் பிள்ளையைக் கேட்கத்தான். ஒரு வருஷம் மட்டும், எண்ணி முடிக்கும் வரைக்கும் மட்டும் என்று என்னென்னவோ மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

நான் தன்னை நோக்கி வருவதை அவள் பார்த்துவிட்டாள். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில், ரோட்டில், பையை மாட்டிக்கொண்டு போன பிள்ளை வாசலில் நின்ற தோழிகளுக்குக் கை காட்டத் திரும்பி நின்றது. கிட்டங்கியிலிருந்து பருத்தி மூட்டை ஏற்றின லாரி ஒன்று ரிவர்சில் ரோட்டுக்கு வந்தது. கிளீனர் லாரிக்கு அந்தப் பக்கம் நின்று "வா, வா, வா" என்று தட்டிக்கொண்டிருந்தான். மூட்டைகள் வெளியே பிதுங்கியிருந்ததால் டிரைவருக்கும் பிள்ளை தெரியவில்லை.

"ஜருகு!" என்று அவள் கத்தினாள். நகரு, தள்ளிப் போ. "ஜருகு! இக்கடிக்கி ரா!" இங்கே வா என்று, அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். அந்த நேரத்தில் அவளுக்குத் தமிழ் எங்கிருந்து வரும்?

பிள்ளைக்குக் கேட்டது. நான் பார்த்தேன், அதன் தோள் துள்ளியது. தலை திரும்ப ஆரம்பித்தது. அதற்குள் எதிரே நின்ற என்னைப் பார்த்துவிட்டது. பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது, இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு.

நானும் கத்தினேன். "ஜருகு!" என் வாயிலும் தெலுங்குதான் வந்தது. நான் சோதிக்கிறேன் என்று நினைத்திருக்கும். அசையவே இல்லை. லாரியின் பின்பக்கம் அதன் தலைக்கு மேலே வந்துவிட்டது. அப்போதும் அது என்னையே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் புரியாத முகத்தோடு நின்றது.

கிளீனர் எங்கள் கத்தலைக் கேட்டு இந்தப் பக்கம் ஓடிவந்தவன், "ஏலே, பிரேக்கப் போடுலே!" என்று லாரியில் ஓங்கி அடித்தான். டிரைவர் பிரேக் போட்டார். மூட்டை பிள்ளையின் தோளில் இடித்துத் தள்ளிவிட்டு லாரி நின்றது. கீழே விழுந்த பிள்ளையைக் கிளீனர் பையைப் பிடித்து இழுத்தான். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். மற்றபடி உயிர் இருந்தது.

அவள் ஓடிவந்து பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டாள். நானும் ஓடினேன். கூட்டம் கூடிவிட்டது. தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். அவருக்குப் புரியக் கூடாதே என்று அவள் காதோரம் போய்த் தெலுங்கில் சொன்னேன். இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் அப்போதுதான் கொட்டினேன். அப்படி ஒரு சட்டமே இல்லை தாயே, உன் பிள்ளையை யாரும் தொட முடியாது, எந்த வகுப்பு என்பது உன் இஷ்டம், நான்தான் உன்னிடம் சொல்லவில்லை, என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற தலைமையாசிரியரைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தை மார்போடு அழுத்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"நீங்க என்ன சொல்லுதீகன்னு வெளங்கல டீச்சர். எங்களுக்குத் தெலுங்கு தெரியாது. நீங்களே பாத்தீகள்ல, அம்புட்டுக் கத்தியும் எம் பிள்ள திரும்பலயே."